காலை இழுப்பதும் காலை வாருவதும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூன்று மொழிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் எழுதியவை. கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தே தலை நரைத்துப்போன எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் வேறில்லை. ஆகவே இன்றைக்கு முழுக்க மரபுத்தொடர்கள்தான்.

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன். எங்கள் மேலாளர் என் சிங்களத் தோழியிடம், "உனக்கு இந்த வருஷமும் பதவி உயர்வு இல்லை" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு, "ஐ வாஸ் புல்லிங் யுவர் லெக்" என்றார். அவள் அன்றிலிருந்து அவருக்கு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பகிடி என்று அவளுக்குப் புரியவில்லையா?
— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: அவள் காதில் பகிடி விழவே இல்லை, தங்கச்சி. ஆங்கிலத்தில் ஒருவர் காலை இழுப்பது என்றால் பகிடி விடுவது. காலைப் பிடித்து இழுப்பதற்குச் சிங்களத்தில் 'கக்குலென் அதினவா' என்பார்கள். ஒருவர் ஏணியில் ஏறும்போது கீழே நின்று இழுத்து விழுத்துவதுதான் அதன் பொருள். கந்தோரிலும் அரசியல் மேடையிலும் அடிக்கடி கேட்கலாம். அதுவும் பதவி உயர்வுப் பேச்சில், மேலாளர் வாயாலேயே, "உன் காலைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்" என்று வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவளுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரிந்திருக்கலாம். மனம் நொந்திருக்கும் நேரத்தில் தாய்மொழிதான் முந்திக்கொண்டு வரும்.

தமிழும் இதில் சிங்களத்தின் பக்கம்தான். காலை வாரினான் என்றால் நம்பினவனையே விழுத்தினான். காலைப் பிடித்தான் என்றால் கெஞ்சினான். நம் வழக்கில் காலை வைத்துப் பகிடி விடுவது பெரும்பாலும் கிடையாது. இதே கேலியை ஸ்பானியர் 'தலைமயிரை எடுத்தான்' என்பார்கள். ஜேர்மனியர் 'கையில் தூக்கி வைத்துக்கொண்டான்' என்பார்கள், குழந்தையைத் தூக்குகிற மாதிரி. ரஷ்யர் இன்னும் ஒரு படி மேலே போய், எதிராளியின் காதில் நூடில்ஸைத் தொங்கவிடுகிறார்கள். அது வெறும் கேலியைத் தாண்டிய ஏமாற்று. நாம் காதில் பூச்சுற்றுவது என்கிறோமே, அதேதான். மொஸ்கோவும் மருதானையும் காது விஷயத்தில் இப்படி ஒத்துப்போவதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

மேலாளரை அவளிடம் நேரே போய், 'விஹிளுவட்ட கிவ்வே', பகிடிக்குச் சொன்னேன், என்று சிங்களத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். பதவி உயர்வை வைத்துப் பகிடி விடுவது சரியில்லை என்பதையும் யாராவது அவருக்குச் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: நான் அரச ஊழியர். இரண்டாம் மொழித் தேர்ச்சிப் பரீட்சைக்குச் சிங்களம் படிக்கிறேன். 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்பதைச் சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் எழுதினேன். ஆசிரியர் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டார். சரியானது எது?
— ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: 'பீரி அலின்ட வீணா வயனவா வகே' என்று எழுதுங்கள். செவிட்டு யானைகளுக்கு வீணை வாசித்த மாதிரி என்று பொருள். வேலை ஒன்றுதான், கருவியும் கேட்பவரும்தான் வேறு.

ஆனால் இந்தச் சொலவடையை இங்கேயே விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆசியாவில் எங்கே போனாலும் ஒரு மிருகத்துக்கு யாரோ ஒருவர் வாசித்துக்கொண்டோ ஓதிக்கொண்டோ இருக்கிறார். இந்தியில் எருமைக்கு முன்னால் மகுடி ஊதுவார்கள். கொரியர் மாட்டின் காதில் சூத்திரம் ஓதுவார்கள். ஜப்பானியருக்குக் குதிரையின் காதில் புத்தர் நாமம். விவிலியத்தில் இசையும் இல்லை, ஓதலும் இல்லை: பன்றிகளுக்கு முன் முத்துகளைப் போடாதீர்கள் என்று மத்தேயு 7:6 சொல்கிறது. ஆங்கிலம் அதைத்தான் எடுத்துக்கொண்டது. பொருளும் கொஞ்சம் மாறிவிட்டது, கவனியுங்கள். நம் சங்கு வீணாகிறது, அவ்வளவுதான். அங்கே முத்து மிதிபடுகிறது, பன்றி திரும்பிப் பீறவும் கூடும்.

சீனரிடம் இருப்பது மாட்டுக்கு யாழ் வாசித்த கதை. இன்றைக்குச் சீன மொழியிலும் இது மற்றவற்றைப் போலத்தான் வழங்குகிறது, புரியாதவனிடம் பேசி என்ன பயன் என்று. ஆனால் பழைய சீனப் பௌத்த நூல் ஒன்றில் கதை முழுவதும் இருக்கிறது. கோங்மிங் யி என்ற இசைவாணர் ஒரு மாட்டுக்கு மிக உயர்ந்த இசையொன்றை வாசிக்கிறார். மாடு தலையைக்கூடத் தூக்காமல் புல்லை மேய்கிறது. அதற்குக் காது கேட்காமல் இல்லை, அந்த இசை அதன் காதுக்கு ஏற்றதாக இல்லை. பிறகு கொசுவும் மாட்டு ஈயும் இரைகிற ஓசையையும், தாயைப் பிரிந்த கன்றின் குரலையும் தந்தியில் எழுப்புகிறார். உடனே மாடு வாலை ஆட்டி, காதை விறைத்து, மெல்ல நடந்தபடியே கேட்கிறது.

யானையும் எருமையும் குதிரையும் சுமந்த குற்றத்தை இந்தக் கதை வாசித்தவர் பக்கம் கொஞ்சம் தள்ளிவைக்கிறது. ஆசிரியர்களும் மருத்துவர்களும் அரச கருமபீடத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒரு படிவத்தை மூன்று தரம் விளக்கியும் எதிரே நிற்கும் வயதான அம்மாவுக்குப் புரியவில்லை என்றால், நான்காம் தரம் கன்றின் குரலில் சொல்லிப் பார்க்கலாமே. இன்னொன்று: காது கேளாதவர்கள் இதை வாசிக்கிறார்கள். ஆகவே செவிடன் காதுச் சங்கை நான் இப்போது எழுதுவதில்லை. பரீட்சையில் வந்தால் நீங்கள் எழுதுங்கள், புள்ளி வேண்டுமே.

கேள்வி: பஸ் நடத்துநர் ஒருவர் ஒரு பயணியிடம், "கொஹெத யன்னே, மல்லே பொல்" என்றார். எங்கே போகிறாய், பையில் தேங்காய். என்ன இது?
— ஒரு வாசகர், தெகிவளை

பதில்: கேட்டது ஒன்று, சொன்னது இன்னொன்று. எங்கே போகிறாய் என்று கேட்டால், பையில் தேங்காய் இருக்கிறது என்கிறான். நம்மவர்கள் பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்வார்கள். பயணி இறங்கும் இடத்தைச் சொல்லாமல் வேறு ஏதோ கதைத்திருப்பார்.

கேள்வி: சென்னையிலிருந்து கல்யாணமாகி வந்திருக்கிறேன். "இதைக் கண்டால் மாமா உனக்குப் பேசுவார்" என்று மாமி சொன்னார். "தாராளமாகப் பேசட்டும், எனக்கும் பொழுது போகும்" என்றேன். வீடே சிரித்தது.
— ஒரு வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: இங்கே ஒருவருக்குப் பேசுவது என்றால் ஏசுவது. பேச்சு வாங்கினேன் என்றால் திட்டு வாங்கினேன். பொழுதுபோகப் பேசுவதைக் கதைப்பது என்று சொல்லுங்கள். உங்கள் பதிலில் இருந்த நல்ல மனது மாமிக்குக் கட்டாயம் பிடித்திருக்கும், கவலைப்பட வேண்டாம்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மட்டும் நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சென்னையில் "போயிட்டு வர்றேன்", இங்கே "போயிட்டு வாறன்", பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா "கிஹின் என்னம்" என்பார். அதுவும் போய்வருகிறேன்தான். 'போகிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலைத் தாண்ட இரண்டு மொழிக்காரருக்கும் மனம் வராது.

கேள்வி: மும்மொழி மரபுத்தொடர் அகராதி ஒன்றை மனப்பாடம் செய்தால் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடலாமா?
— ஒரு மாணவர், வத்தளை

பதில்: அகராதி வேண்டும், தம்பி. ஆனால் அது மட்டும் போதாது. வேலையிழந்த ஒருவர் ஒருமுறை சாட்சிக் கூண்டில் நின்று, "முதலாளி என்ர வயித்தில அடிச்சுப்போட்டார் ஐயா" என்றார். சிங்களத்தில் கவலையே இல்லை. 'படட்ட கெஹுவா', வயிற்றில் அடித்தான், என்றால் அங்கேயும் பிழைப்பைக் கெடுத்தான் என்றுதான் அர்த்தம். ஆனால் அன்றைக்குச் சாட்சியம் பதிவானது ஆங்கிலத்தில். அப்படியே சொன்னால் அது தாக்குதல் ஆகிவிடும். எந்தத் தேதி, எந்தக் கை, ஆஸ்பத்திரித் துண்டு எங்கே என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பிவிடுவார். அந்த மனிதர் பொய்யராகத்தான் கூண்டைவிட்டு இறங்குவார். ஆகவே, சாட்சி சொன்னது ஒரு வழக்குத்தொடர், ஜீவனோபாயத்தைப் பறித்தார் என்பது பொருள் என்று நீதிபதிக்கு அறிவித்துவிட்டே மொழிபெயர்த்தேன்.

பிறகு வேறொரு வழக்கில், வேறொரு பெண், ஏறக்குறைய அதே சொற்களைச் சொன்னார். சொல்லும்போது அவருடைய இடது கை விலாவுக்குக் கீழே ஓர் இடத்தைத் தொட்டு அங்கேயே நின்றது. அது நிஜமான அடி. அதை அடி என்றே சொன்னேன். இந்த வேறுபாட்டை எந்த அகராதி சொல்லித்தரும்? சாட்சி பேசும்போது குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கையைத் தவறவிட்டிருப்பேன்.

திறந்த நீதிமன்றத்தில் பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கலாம். காலையில் புதுக்கடைக்குப் போய்ப் பின்வாங்கில் இருங்கள். சாட்சி சொல்வதையும் மொழிபெயர்ப்பாளர் சொல்வதையும் ஒப்பிட்டு, நீங்களாக இருந்தால் எப்படிச் சொல்லியிருப்பீர்கள் என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். உள்ளே போகுமுன் கைப்பேசியை அணைத்துவிடுங்கள்.