மாங்காய்க்கு வேண்டாம், ஊறுகாய்க்கு வேண்டும்

கேள்வி: எங்கள் தோப்பு மாங்காயையும், அதில் நான் போடும் ஊறுகாயையும் வாட்ஸ்அப் மூலம் தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். மாதம் பத்தாயிரம் ரூபாய் வந்தாலே அதிகம். "லைசென்ஸ் இல்லாமல் விற்றால் ஆறு மாதம் ஜெயில்" என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். பக்கத்துத் தோட்டத்து எலுமிச்சையையும் வாங்கி விற்கலாமா?

பதில்: உங்கள் உறவினர் சட்டத்தைப் பாதிதான் படித்திருக்கிறார். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் வந்தபோது 63-வது பிரிவில் ஆறு மாதச் சிறை எழுதப்பட்டிருந்தது உண்மை. ஆனால் 31(2)-வது பிரிவின் கீழ் வரும் சிறு உற்பத்தியாளர்களை அந்த 63-வது பிரிவே விலக்கி வைத்திருக்கிறது. நீங்கள் அந்த ரகம். உங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை.

அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். லைசென்ஸ்தான் இல்லையே தவிர, பதிவு கட்டாயம். தெரிந்தவர்களுக்குத்தானே கொடுக்கிறேன், லாபம் பெரிதாக இல்லையே என்பதெல்லாம் எடுபடாது. லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உணவு வணிகம்தான் என்று சட்டத்தின் விளக்கப் பிரிவு சொல்கிறது. 2011-ம் ஆண்டு விதிமுறைகள் சிறு உற்பத்தியாளருக்கு வைத்த வரம்பு ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய். நீங்கள் சொல்லும் கணக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான். ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற அரசின் உணவு வணிகப் பதிவு இணையதளத்தில் புகைப்படம், அடையாளச் சான்றுடன் நீங்களே விண்ணப்பிக்கலாம். இதற்கு இடைத்தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மாங்காய் கதை வேறு. விவசாயி தன் நிலத்தில் விளைந்ததை விளைந்தபடியே விற்றால், 18(3)-ன்படி இந்தச் சட்டம் அவரைத் தொடாது. காயை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் எண்ணெயும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்தால் நீங்கள் உணவு வணிகர். எலுமிச்சையில்தான் பலர் சறுக்குகிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் கையில் இருக்கும்வரை அது அவருடைய விளைச்சல். விலை கொடுத்து வாங்கி நீங்கள் விற்கும்போது அது சட்டத்தின் கண்ணில் 'உணவு' ஆகிவிடும். தாராளமாக விற்கலாம், ஆனால் பதிவு விண்ணப்பத்தில் அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

பாட்டில் லேபிளில் 'வீட்டுத் தயாரிப்பு' என்று மட்டும் ஒட்டினால் போதாது. பெயர், முகவரி, சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், சைவம் என்பதற்கான பச்சைக் குறி, பதிவு எண் எல்லாம் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் ஊறுகாய்க்கு 'ஆர்கானிக்' என்று போடாதீர்கள். 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்பது போன்ற வரி வாட்ஸ்அப் செய்தியில்கூட வேண்டாம். தவறான விளம்பரத்துக்கு 53-வது பிரிவில் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. சிறு உற்பத்தியாளர் என்ற விலக்கு அங்கே கிடையாது. கெட்டுப்போன ஊறுகாயால் யாருக்காவது உடம்பு கெட்டாலும் அப்படித்தான். ஒவ்வொரு முறை போடும்போதும் தேதியை ஒரு நோட்டில் குறித்து, ஒரு சிறிய பாட்டிலைத் தனியே எடுத்து வையுங்கள். புகார் வரும் நாளில் என்னைப் போன்ற வக்கீல் கேட்கப்போவது அதைத்தான்.