பர்க் எண்ணிய ஏரிகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கல்லூரி விவாதம் ஒன்றில், "பழையதை எல்லாம் உடைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்ட வேண்டும் என்பதில்லை, சிலவற்றைச் சரிசெய்து வைத்துக்கொள்ளலாம்" என்றேன். அவ்வளவுதான். அன்று முதல் நண்பர்களுக்கு நான் 'பழமைவாதி'. கோபத்தில் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். எங்கே தேடினாலும் எட்மண்ட் பர்க் என்ற பெயரில் வந்து நிற்கிறது. அவர் பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்தவர், அரசிக்காகக் கண்ணீர் விட்டவர் என்று தெரிந்ததும் சங்கடமாகிவிட்டது. நிலமும் சாதியும் பட்டமும் உள்ளவர்கள் அவற்றைக் காத்துக்கொள்ளச் சொல்லும் சாக்குதானா இது? உள்ளே உண்மையில் ஒரு சிந்தனை இருக்கிறதா? இருந்தால் எங்கிருந்து படிப்பது?

வா.,
செய்யாறு

அன்புள்ள தம்பி,

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி பர்க் எழுதிய புகழ்பெற்ற நூலே ஒரு கடிதத்துக்கு எழுதிய பதில்தான். 1789 நவம்பரில் தெப்போன் என்ற பிரெஞ்சு இளைஞர் அவருக்கு எழுதி, எங்கள் புரட்சியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். அமெரிக்கக் குடியேற்றங்களுக்காக நாடாளுமன்றத்தில் வாதாடியவர் பர்க். அயர்லாந்துக்கும் கத்தோலிக்கர்களுக்கும் பரிந்து பேசியதால் 1780இல் தன் பிரிஸ்டல் தொகுதியையே இழந்தவர். அப்படிப்பட்டவர் புரட்சியை வாழ்த்தாமல் இருப்பாரா என்றுதான் அந்த இளைஞரும் நினைத்திருப்பார். பதில் ஒரு முழு நூலாக வளர்ந்து 1790 நவம்பரில் வந்தது. எல்லோரும் பர்க்கை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நீங்கள் அங்கே தொடங்க வேண்டாம். ஐந்து ஆண்டுகள் பின்னால் போங்கள், உங்கள் ஊருக்கு அருகிலேயே வந்துவிடுவீர்கள்.

1785 பிப்ரவரி 28. லண்டன் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாப் கடன் பற்றிய பேச்சு. நவாப் முகமது அலிக்குக் கிழக்கிந்தியக் கும்பினியின் அதிகாரிகளே தனிப்பட்ட முறையில் வட்டிக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். பால் பென்ஃபீல்டு அவர்களில் பெரிய கை. அந்தக் கடன்களில் எது உண்மை, எது பொய்ப் பத்திரம் என்று சரியாக விசாரிக்காமலே, கர்நாடகத்தின் வரி வருமானத்திலிருந்து அடைத்துவிட லண்டன் அரசு முடிவுசெய்தது. அன்றைய பேச்சில் கர்நாடகம் என்றால் ஆற்காட்டு நவாபின் சீமை, நம் வட மாவட்டங்கள் உட்பட. 1780இல் ஹைதர் அலியின் படை புகுந்து எரித்துவிட்டுப் போன நிலம் அது. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கும்பினிப் படை ஹைதரின் படையிடம் அழிந்ததும் அந்த ஆண்டுதான்.

பர்க் எழுந்து கேட்டது இதைத்தான்: எரிந்துபோன ஒரு நாட்டில் நல்ல அரசு முதலில் என்ன செய்யும்? உழவனை நிமிர்த்தி நிற்கவைக்கும். நியாயமான பாக்கிகூடக் காத்திருக்கட்டும் என்று சொல்லும். அப்புறம் ஏரிகளுக்கு வருகிறார். மண்ணும் கல்லும் கொண்ட கரைகள், கெட்டிக் கட்டுமான மதகுகள், அவற்றைப் பராமரிக்க ஆகும் பெருஞ்செலவு, எல்லாவற்றையும் விவரிக்கிறார். கும்பினியின் ஜாகீராக, அதாவது வரி வசூல் உரிமையோடு பெற்ற நிலமாக, இருந்த செங்கல்பட்டுப் பகுதிக்கு பர்னார்டு அளந்து வரைந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஏரிகளை எண்ணும் சிரமத்தைத் தானே எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார். 1,100க்கும் மேல். இரண்டு மூன்று ஏக்கர் குட்டையிலிருந்து ஐந்து மைல் சுற்றளவுள்ள ஏரி வரை. ஒருநாளும் இந்தியா வராத மனிதர்!

அவற்றை வெட்டியவர்களைப் பற்றி அவர் சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அவர்களே உண்மையான அரசர்கள், பிறக்கப்போகும் தலைமுறைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்று உயில் எழுதிவைத்தவர்கள், தங்கள் வாழ்நாளைத் தாண்டியும் மக்களைக் காக்க ஆசைப்பட்டவர்கள் என்கிறார். புறநானூற்றில் குடபுலவியனார் நெடுஞ்செழியனுக்குச் சொன்னதும் இதுதானே! நீர்நிலை பெருகத் தடுத்துக் கட்டியவர்களே உலகில் தம் பெயரை நிறுத்தியவர்கள். இருவருக்கும் நடுவே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலிருக்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பர்க்கின் நெருங்கிய உறவினர் என்று அறியப்பட்ட வில்லியம் பர்க் தஞ்சை அரசருக்கு முகவராக இருந்தார். நவாபின் எதிர்த்தரப்பு அது. ஆகவே அந்தப் பேச்சு முழுக்கப் பற்றற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஏரியை இப்படிப் பார்க்கும் கண் காசுக்கு வருவதில்லை.

இப்போது 1790 நூலுக்கு வாருங்கள். சமூகம் ஓர் ஒப்பந்தம்தான், ஆனால் மிளகு, காப்பி வியாபாரத்துக்குப் போடும் கூட்டு போன்றதன்று, இறந்தவர்கள், இருப்பவர்கள், இனிப் பிறப்பவர்கள் மூவருக்கும் இடையிலான கூட்டு என்கிறார். பலர் இதைக் கவிதை என்று தாண்டிப்போகிறார்கள். ஏரிக்கரையில் நின்று படித்தால் இது வெறும் நடைமுறை. கரை போட்டவர் இல்லை, தண்ணீர் குடிக்கப்போகிறவர் இன்னும் பிறக்கவில்லை, நடுவில் நிற்கும் நமக்குத் தூர்வாரும் கடமை மட்டும் இருக்கிறது. கரையை வெட்டி விற்க உரிமை இல்லை.

என் அம்மாவின் ஊர் ஏரியில் மிகுதித் தண்ணீர் வழிந்து போகும் பழைய கலிங்கு ஒன்று உண்டு. வரிசையாக நட்ட கற்கள். மழை முடியும் தறுவாயில் கற்களுக்கு இடையே பனைமட்டையும் களிமண்ணும் வைத்து அடைத்து, இன்னும் ஒரு முழம் தண்ணீர் தேக்குவார்கள். புயல் வரும் போலிருந்தால் அந்த அடைப்பை இரவோடு இரவாகப் பிடுங்கிவிடுவார் ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டி. ஒரு வருடம் அதிகாரிகள் வந்து, ஒழுகுகிறது என்று இடைவெளிகளைச் சிமெண்டால் அடைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த ஐப்பசியில் தண்ணீர் போக வழியில்லாமல் மேல்புறத்து வயல்கள் மூழ்கின, கரை ஓரிடத்தில் அறுந்தது. அந்த இடைவெளி ஏன் இருக்கிறது என்று யாரும் அந்த நீர்க்கட்டியைக் கேட்கவில்லை.

புரட்சியில் பர்க் கண்டு அஞ்சியது இந்தச் சிமெண்டைத்தான் என்று எனக்குப் படும். பழைய மாகாணங்களை அழித்து நாட்டை 83 மாவட்டங்களாகக் கூறுபோட்டது, திருச்சபை நிலத்தைப் பறித்து அதை ஈடாக வைத்துக் காகிதப் பணம் அடித்தது, எல்லாம் காகிதத்தில் மிகச் சரியாகத் தெரிந்தவை. தனி மனிதனின் பகுத்தறிவுக் கையிருப்பு சிறிது, தலைமுறைகள் சேர்த்துவைத்தது பெரிது என்பது அவர் வாதம். இதை மாற்றமே வேண்டாம் என்று சொன்னதாகத் திரிப்பவர்கள் அவரைப் படிக்காதவர்கள். மாறுவதற்கு வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை என்று அதே நூலில் எழுதியிருக்கிறார். கலிங்குக் கற்களுக்கு நடுவே இருந்த இடைவெளிதான் அந்த வழி. படைத்தலைவன் ஒருவன் கைக்கு எல்லாம் போகும் என்று அவர் எழுதியதும் நடந்தது. 1799இல் நெப்போலியன் வந்தார். பர்க் 1797லேயே இறந்துவிட்டார்.

'பழமைவாதம்' என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. மரபைப் பேணுதல் என்று சொல்லலாம். பர்க் தன்னை அப்படி எந்தப் பெயராலும் அழைத்துக்கொள்ளவில்லை, அவர் அன்றைய பிரிட்டனின் விக் கட்சிக்காரர். 'கன்சர்வேட்டிவ்' என்ற அந்தப் பெயரைப் பிரான்சில் எழுத்தாளர் ஷத்தோப்ரியான் 1818இல் தன் இதழுக்கு வைத்தார், பிரிட்டனில் 1830களில் ஒரு கட்சி எடுத்துக்கொண்டது. புரட்சியை எதிர்த்த தெ மேஸ்த்ர் போன்ற சிந்தனையாளர்கள் அரியணையையும் போப்பாண்டவரையும் தூக்கிப்பிடித்தது வேறு வழி. அதில் எனக்கு ஈடுபாடில்லை.

சரி, உங்கள் முதல் கேள்வி. சாக்குதானா? அந்த நீர்க்கட்டியிடமே திரும்பப் போவோம். மடை திறப்பதும் அடைப்பதும் அவர் கையில். அறுவடையில் களத்துமேட்டில் அவருக்கென்று சில மரக்கால் நெல். அந்த ஏரிப் பாசனத்தில் அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, கோயிலுக்குள் போகவும் முடியாது. மூவருக்கும் இடையிலான கூட்டு என்கிறாரே பர்க், இருப்பவர்களில் யார் யார் அந்தக் கூட்டில் சேர்த்தி? இதற்கு அவரிடம் போதுமான பதில் இல்லை. அரசி மாரி அந்துவானெத்துக்காக உருகிய அளவுக்கு ரொட்டிக்கு வழியில்லாத பாரிஸ் பெண்களுக்காக அவர் உருகவில்லை. மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் அதே 1790இல் அவரை இதற்காகக் கடுமையாகக் கேட்டார், அடுத்த ஆண்டு தாமஸ் பெய்ன் கேட்டார். இருவர் கேட்டதும் நியாயம்.

ஆனால் அதற்காக அவரைத் தூக்கிப்போட அம்பேத்கருக்குத் தோன்றவில்லை. 1936இல் சாதி ஒழிப்பைப் பற்றிய தன் உரை நூலில், உண்மையான மதமே சமூகத்தின் அடித்தளம் என்ற பர்க்கின் வாக்கைத் தான் ஏற்பதாகவே எழுதுகிறார். சாதியைத் தாங்கும் விதிகளின் மதத்தை அழிக்கச் சொல்லும் இடத்தில், அடுத்து நிற்கவேண்டிய அடித்தளம் எது என்று யோசிக்கும்போது பர்க் அவருக்கு உதவுகிறார். உங்கள் நண்பர்களுக்கு அந்தப் பக்கங்களைக் காட்டுங்கள்.

முதலில் 1785 பேச்சைப் படியுங்கள். நீளமானது, நடுவில் கணக்கு வழக்குகள் அலுப்பூட்டும், விடாதீர்கள். படித்து முடித்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஏரிக் கலிங்கைப் போய்ப் பாருங்கள். கற்கள் இன்னும் நிற்கின்றனவா, மடை திறக்கும் வேலையை இப்போது யார் செய்கிறார், அவருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.