பட்டியலில் இருந்த கபாபும் தட்டில் வந்த கபாபும்: நுகர்வோர் கேள்வி-பதில்

அண்மையில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், திருகோணமலை நகரிலும் நிலாவெளிப் பக்கத்திலும் பாரசீகக் கபாப் உண்ணப் போனவர்கள் எழுதியவை. நமக்குப் பழக்கமில்லாத உணவு என்பதால், எது அதன் முறை, எது ஏமாற்று என்று பிரித்தறிய முடியாமல் பலர் தடுமாறியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கி, உணவகங்களின் பெயர்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: பட்டியலில் 'ஆட்டிறைச்சிக் கூபிதே' என்று இருந்தது. உண்டு முடித்த பின் மகன் விசாரித்தபோதுதான், மாட்டிறைச்சியும் கலந்தது என்று பரிமாறியவர் சொன்னார். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி உண்பதில்லை. மாமியார் அன்றிரவு உறங்கவேயில்லை.
(உவர்மலை வாசகி)

பதில்: அம்மா, உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது பண இழப்பைவிடப் பெரிய அநியாயம். அரைத்த இறைச்சியோடு துருவிய வெங்காயத்தைப் பிசைந்து, அகன்ற தட்டைக் கம்பியில் பிடித்துக் கரிநெருப்பில் சுடுவதே கூபிதே. ஈரானில் அதைச் செம்மறி இறைச்சியில் செய்கிறார்கள். மாட்டிறைச்சி கலந்தும் செய்கிறார்கள். ஆகவே கலந்தது குற்றமில்லை, கலந்ததை மறைத்து ஆட்டிறைச்சி என்று எழுதியதுதான் குற்றம். அரைத்துச் சுட்ட பின் எந்த இறைச்சி என்று கண்ணாலும் நாவாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், வாங்குபவருக்கு அந்தப் பட்டியலில் உள்ள சொல்லைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. உணவின் தன்மையைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்கி விற்பதை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தடுக்கிறது; பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் தடுக்கிறது. பட்டியலைப் படம் எடுத்து, பற்றுச்சீட்டின் பிரதியோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். முதலில் தொலைபேசியில் பேச விரும்பினால் 1977 என்ற இலக்கம் இருக்கிறது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தெரிவியுங்கள். உணவு மாதிரி எடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

கேள்வி: ஜூஜே கபாப் என்று ஒரு கோழி தந்தார்கள். காரமே இல்லை. இது ஏமாற்றுத்தானே?
(கிண்ணியா)

பதில்: இல்லை. எலுமிச்சைச் சாறிலும் வெங்காயத்திலும் குங்குமப்பூவிலும் ஊறும் அந்தக் கோழிக்குக் கொச்சிக்காய் போடுவது முறையல்ல.

கேள்வி: 'குங்குமப்பூச் சோறு' என்று தனியாக 700 ரூபா எடுத்தார்கள். சோறு முழுவதும் ஒரே மஞ்சளாக இருந்தது. உண்மையான குங்குமப்பூவா?
(உப்புவெளி)

பதில்: சந்தேகப்பட உங்களுக்குக் காரணம் இருக்கிறது. பாரசீக முறையில் சோறு பெரும்பாலும் வெள்ளையாகவே வடிக்கப்படும். பொடித்த குங்குமப்பூவை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரில் கொஞ்சச் சோற்றைப் பிரட்டி மேலே தூவுவார்கள். பானை முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் மஞ்சளோ நிறமூட்டியோ சேர்ந்திருக்கலாம். உலகிலேயே அதிகமாகக் குங்குமப்பூ விளைவது ஈரானில், குறிப்பாகக் குராசான் பகுதியில். ஒரு கிலோ நாருக்கு ஏறக்குறைய 1,50,000 பூக்களைக் கையால் பறிக்க வேண்டும் என்பதால் விலை உயர்வது நியாயம். அந்த விலையை வாங்கிக்கொண்டு மஞ்சளைத் தருவது நியாயமில்லை.

நானும் இதில் இழந்திருக்கிறேன். ஒரு பயணத்தின்போது சின்னப் பெட்டியில் அடைத்த 'முதல்தரக் குங்குமப்பூ' வாங்கி வந்து, வீட்டில் குளிர்ந்த நீரில் இட்டேன். நீர் உடனே சிவந்தது, நார் வெளுத்துப் போனது. நல்ல குங்குமப்பூ மெதுவாகப் பொன்மஞ்சள் நிறத்தை விடும். நார் நெடுநேரம் சிவப்பாகவே இருக்கும். ஊறவைத்த நீரைக் காட்டுமாறு உணவகத்திடம் கேளுங்கள். உண்மையானதைப் போடுபவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

கேள்வி: எட்டுப் பேர் உண்டோம். 33,300 ரூபா என்று துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தார்கள், கொடுத்தோம். வீட்டில் கணக்குப் பார்த்தால் 26,000 தான் வருகிறது. துண்டை அங்கேயே விட்டுவிட்டோம். பணத்தைத் திரும்பப் பெறலாமா?
(டொக்யார்ட் வீதி)

பதில்: எதைக் காட்டிப் பெறப்போகிறீர்கள்? எட்டுப் பேர் இருந்த மேசையில் ஒருவர்கூடக் கூட்டிப் பார்க்காமல் முப்பத்து மூவாயிரம் ரூபாவை எண்ணிக் கொடுத்திருக்கிறீர்கள். நூறு ரூபா மரக்கறிக்குச் சந்தையில் நின்று பேரம் பேசும் நாம், உணவகத்தில் மட்டும் சீட்டைப் பார்ப்பது அநாகரிகம் என்று நினைக்கிறோம். இந்தப் பழக்கத்தைப் பற்றி நான் எழுதாத ஆண்டு இல்லை.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 26,000 ரூபாவில் 10 வீதச் சேவைக் கட்டணம் 2,600. 18 வீத வற் வரி 4,680. கூட்டினால் 33,280. ஆகவே உங்களிடம் எடுத்த மேலதிகப் பணம் பெரும்பாலும் இவை இரண்டாகவே இருக்கும். சேவைக் கட்டணம் அரசாங்க வரியல்ல, உணவகம் தானாக விதிப்பது; அதை உண்பதற்கு முன்பே பட்டியலில் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். வற் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதமாக இருக்கிறது, ஆனால் அதற்குப் பதிவு செய்த வியாபாரி மட்டுமே அதை அறவிடலாம். பதிவு இலக்கம் இல்லாத துண்டுக் கடதாசியில் 'வரி' என்று எழுதுபவர், அதை அரசாங்கத்துக்குக் கட்டுகிறாரா தன் பெட்டியில் போடுகிறாரா என்று நீங்கள் எப்படி அறிவீர்கள்? விலைகளைக் கண்ணில் படும் இடத்தில் காட்சிப்படுத்துவதும், கேட்டவருக்குத் திகதியும் அளவும் விலையும் எழுதிய பற்றுச்சீட்டைத் தருவதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி வியாபாரியின் கடமை. கேட்டவருக்கு என்று சட்டம் சொல்கிறது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டும்.

முன்பொருமுறை, இப்படியொரு துண்டுக் கடதாசியை நம்பி ஒரு மின்விசிறி வாங்கினேன். மூன்றாம் வாரம் அது நின்றபோது, அது தன் கடையில் வாங்கியதே இல்லை என்று கடைக்காரர் சொன்னார். அந்தப் பணம் எனக்கு வரவேயில்லை. அட்டையால் கட்டியிருந்தால் வங்கிப் பதிவை எடுத்துக்கொண்டு போய், விபரமான சீட்டைக் கேளுங்கள். காசாகக் கொடுத்திருந்தால் என்னால் உதவ முடியாது.

கேள்வி: கூபிதேயின் நடுப்பகுதி சிவந்து ஈரமாக இருந்தது. 'அதுதான் பதம்' என்றார்கள். மறுநாள் என் பிள்ளைக்கு வயிற்றோட்டம்.
(சீனக்குடா)

பதில்: பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள், மற்றவை பிறகு. உங்களுக்குச் சொன்னது பொய். முழுத்துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், நெருப்பு அவற்றை அழித்துவிடும்; அரைக்கும்போது அவை உள்ளே முழுவதும் பரவுகின்றன. ஆகவே அரைத்த இறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸ் வரை சூடாக வேண்டும், கோழியானால் 74. மீதி உணவு இருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்து, இன்றே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லுங்கள். தாமதித்தால் சான்று கெட்டுவிடும்.

கேள்வி: 'சுல்தானி' கேட்டேன். ஒரு கம்பி கூபிதே மட்டும் வந்தது. அதன் விலையோ இரட்டிப்பு.
(நிலாவெளி)

பதில்: சுல்தானி என்றால் ஒரு கம்பி கூபிதேயும் ஒரு கம்பி பார்க்கும் சேர்ந்தது. பார்க் என்பது மெல்லியதாக வெட்டி ஊறவைத்த நல்ல சதைத்துண்டு. இரட்டிப்பு விலை அதற்காகத்தான். உங்களுக்கு வர வேண்டிய பாதி வரவில்லை. சீட்டில் 'சுல்தானி' என்று எழுதியிருந்தால் அதைக் கொண்டுபோய், கூபிதேயின் விலை போக மீதியைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1977ஐ அழையுங்கள்.