வெளிநாடுவாழ் ஸ்காட்லாந்து மக்களுக்காகத் தன்னார்வ வானொலி தொடங்க என்னென்ன வேண்டும்?

ஏழெட்டுத் தன்னார்வலர்கள், 24 மணி நேர இணைய வானொலி, கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நேயர்கள் என்பது கேட்டவரின் திட்டம். முதலில் அந்த 24 மணி நேரத்தை விட்டுவிடுங்கள். இத்தனை பேரால் தரம் குறையாமல் தயாரிக்க முடிவது வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் கணினி போடும் பாட்டுதான் ஓடும். பாட்டு மட்டும் கேட்க வேறு இடங்கள் நிறைய உண்டு. ஊரை விட்டு வந்தவர் தேடுவது ஊர்க்காரரின் பேச்சை.

அந்த ஒரு மணி நேரத்தையும் ஏற்கெனவே இயங்கும் சமுதாய வானொலி ஒன்றிடம் கேட்டு வாங்கப் பாருங்கள். நியூசிலாந்தின் டனீடன், 1848இல் ஸ்காட்லாந்துக் குடியேறிகள் நிறுவிய ஊர். அங்கே ஒட்டாகோ ஆக்சஸ் ரேடியோ என்ற சமுதாய வானொலி இருக்கிறது. சிறுபான்மையினருக்கான நிகழ்ச்சிகளுக்குப் பொதுப்பணம் ஒதுக்க நியூசிலாந்தின் 1989ஆம் ஆண்டு ஒலிபரப்புச் சட்டத்தில் இடமுண்டு. ஆஸ்திரேலியச் சமுதாய வானொலிகளில் விளம்பரம் கூடாது, ஆதரவாளர் அறிவிப்பு மணிக்கு 5 நிமிடம் வரை போகலாம். எனவே கடைக்காரர்களிடம் பணம் வாங்குமுன் நிலையத்தைக் கேட்டுவிடுங்கள். ஸ்டூடியோ, உரிமம், பயிற்சி மூன்றும் கைக்குக் கிடைப்பது பெரிய லாபம்.

சொந்த ஸ்ட்ரீம்தான், அதாவது இணையத்தில் நீங்களே ஒலிபரப்புவதுதான் என்று முடிவெடுத்தால், கருவிச் செலவைப் பார்த்து மலைக்க வேண்டாம். இரண்டு டைனமிக் மைக், மைக் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும், இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, காதை மூடும் ஹெட்ஃபோன் இரண்டு, ஒரு கணினி, வைஃபை அல்லாமல் கேபிளில் வரும் இணைய இணைப்பு. வீட்டிலிருந்து ஒரே ஒரு ஸ்ட்ரீம் சர்வருக்குப் போக, நேயர்களுக்குப் பிரித்து அனுப்புவது அங்கே ஓடும் ஐஸ்காஸ்ட் என்ற மென்பொருளின் வேலை. நொடிக்கு 128 கிலோபிட் என்றால் ஒரு நேயருக்கு மணிக்கு 57.6 மெகாபைட் ஆகும். 100 பேர் கேட்டால் 5.76 ஜிகாபைட், நொடிக்கு 12.8 மெகாபிட். இதை வீட்டு இணைப்பில் தாங்க முயலாதீர்கள். இணைப்பு அறுந்தால் ஓட ஒரு மாற்று ஒலிக்கோப்பு வையுங்கள்; அது முதன்மை ஸ்ட்ரீமின் அதே வடிவம், அதே பிட்ரேட், அதே சாம்பிள் ரேட்டில் இல்லாவிட்டால் சில பிளேயர்கள் அங்கேயே நின்றுவிடும். ஐஸ்காஸ்டில் எம்பி3 ஸ்ட்ரீமின் பாட்டுத் தலைப்புகள் இயல்பாக லத்தீன்-1 குறியீட்டில் இருக்கும். மென்பொருள் யூடிஎஃப்-8இல் அனுப்பினால், மேலே சாய்கோடு உள்ள கேலிக் (ஸ்காட்லாந்தின் பழைய மொழி) எழுத்துகள் சிதைந்து வரும். அமைப்பில் யூடிஎஃப்-8 என்று மாற்றிவிடுங்கள்.

ஸ்காட்லாந்தின் பை வைத்த குழல் வாத்தியமான பேக்பைப்பைத் தனியாகவே சொல்ல வேண்டும். அதன் ட்ரோன் குழல்கள் நம் நாதஸ்வரக் கச்சேரியின் ஒத்து மாதிரி இடைவிடாமல் ஒலிப்பவை. வீடியோ அழைப்புச் செயலிகளின் இரைச்சல் நீக்கி அந்தத் தொடர் ஒலியை மின்விசிறிச் சத்தமென்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும், மெட்டு வாசிக்கும் குழலான சாண்டர் மட்டும் அரைகுறையாகக் கேட்கும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போட வேண்டும். அதைவிட, வாசிப்பவரே தன் இடத்தில் பதிவு செய்து கோப்பை அனுப்புவது நல்லது. பைப் அருகில் 100 டெசிபெல்லைத் தாண்டும், எனவே மைக் 2 முதல் 3 மீட்டர் தள்ளி, பெரிய அறையில் இருக்கட்டும். பைப்பில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து வாசிக்க முடியாது. உச்ச அளவை வைத்துப் பேச்சையும் பைப்பையும் சமன் செய்தால் பைப் காதைப் பிளக்கும். காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று அளக்கும் லவுட்னஸ் அளவையில் எல்லாவற்றையும் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ்ஸுக்குக் (அந்த அளவையின் அலகு) கொண்டுவாருங்கள். ஒரு பாட்டு தேயும்போதே அடுத்ததை எழுப்பும் கிராஸ்ஃபேடை நிறுத்திவையுங்கள்: பைப்பின் 'ஏ' சுரம் 470–480 ஹெர்ட்ஸ் பக்கம், பியானோவின் 'ஏ' 440. ஒன்றின் வாலில் இன்னொன்று ஏறினால் கேட்கச் சகிக்காது.

தொலைவில் இருக்கும் விருந்தினருக்குத் திருப்பி அனுப்பும் ஒலியில் அவருடைய குரல் மட்டும் இருக்கக் கூடாது. இதைத்தான் மிக்ஸ்-மைனஸ் என்பார்கள். இதைச் செய்யாவிட்டால் தன் குரலே எதிரொலித்து, அவர் பேச்சு தடுமாறும்.

இசை உரிமம்தான் பலரைக் கவிழ்ப்பது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1796இல் இறந்தவர், அவர் வரிகளுக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் அதைப் பாடிய இன்றைய ஒலிப்பதிவுக்கு உண்டு, மரபு மெட்டின் புதிய இசையமைப்புக்கும் இருக்கலாம். உரிமம் தரும் அமைப்புகள் பிரிட்டனில் பிஆர்எஸ், பிபிஎல். கனடாவில் சோக்கன், ரீசவுண்ட். ஆஸ்திரேலியாவில் அப்ரா, பிபிசிஏ. ஒரு நாட்டு உரிமம் பொதுவாக அந்த நாட்டு நேயர்களுக்கு மட்டுமே. அமெரிக்காவில் சட்டப்படி கிடைக்கும் உரிமத்தில் 3 மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து 3 பாட்டுக்கு மேலும், ஒரே கலைஞரிடமிருந்து 4க்கு மேலும் போடக் கூடாது. ஒரு பைப் பேண்டின் ஆல்பத்தை முழுதாகப் போடுவது அங்கே விதிமீறல். ஒரு மணி நேர நிகழ்ச்சியை மறுபடி கேட்க இணையத்தில் வைப்பதும் அந்த உரிமத்துக்குள் வராது. பேச்சை மட்டும் வெட்டி பாட்காஸ்டாக வையுங்கள்.

நேரம் இன்னொரு தொல்லை. எடின்பரோவுக்கும் டனீடனுக்கும் வித்தியாசம் 13 மணி, பிறகு 12, பிறகு 11 என்று ஆண்டுக்குள் மாறும். டொரொன்டோவுடன் வழக்கமாக 5 மணி; மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் 4. பிரிஸ்பேனிலும் பெர்த்திலும் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. நேயர்கள் அதிகமுள்ள ஒரு நகரத்தின் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற ஊர்களின் நேரத்தை மாதாமாதம் அறிவியுங்கள். எடின்பரோவில் ஞாயிறு இரவு 8 மணி, டனீடனில் திங்கள் காலை, வேலைக்குப் போகும் நேரம். ஆகவே 12 மணி நேரம் கழித்து ஒரு மறுஒலிபரப்பு அவசியம்.

ஹாக்மனே (ஸ்காட்லாந்தில் டிசம்பர் 31) இரவில் எடின்பரோ மணி 12 அடிக்கும்போது டொரொன்டோவில் மாலை 7, டனீடனில் ஜனவரி 1 பகல் 1 மணி. ஸ்ட்ரீம் நேயரை அடைய அரை நிமிடம்கூட ஆகலாம், ஆளுக்கு ஆள் மாறும். "இன்னும் பத்து நொடி" என்று எண்ணாமல், மணியோசையை அப்படியே போடுங்கள்.

போரில் இறந்தவர்களுக்கான நவம்பர் 11 நினைவு நாளில் இரண்டு நிமிட மௌனம் ஒலிபரப்பினால், முன்கூட்டியே மௌனம் கண்டறியும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அரை நிமிடத்தில் அது தானாகப் பாட்டைத் தொடங்கிவிடும், அஞ்சலிக்கு நடுவில்.

கவிஞர் பர்ன்ஸின் பிறந்த நாளான ஜனவரி 25 பர்ன்ஸ் இரவுக்கு ஆள் கிடைக்காது; உங்கள் தன்னார்வலர்கள் எல்லாரும் விருந்துகளில் கவிதை வாசித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நிகழ்ச்சியை ஜனவரி 10க்குள் பதிவு செய்து வையுங்கள், கூடவே எந்த வாரத்துக்கும் பொருந்தும் இரண்டு நிகழ்ச்சிகளையும்.