ராஜாவுக்கே கடன்!

கேள்வி: ரொட்டி விலை ஏறினதாலதான் பிரெஞ்சுப் புரட்சி வந்துச்சுன்னு ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணு சொல்றா. அவ்ளோதானா சார்?
– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: பாதி சரிம்மா. 1788 ஜூலைல ஆலங்கட்டி மழை வயலை நாசம் பண்ணுச்சு, அடுத்த வருஷம் ரொட்டி விலை எகிறிடுச்சு, நிஜம்தான். ஆனா உங்க ஊர்ல வடாபாவ் விலை ஏறினா புலம்புவாங்க, அரசாங்கமா கவிழுது? அங்க கஜானாவே காலி. இங்கிலாந்தை மட்டம் தட்டணும்னு அமெரிக்க சுதந்திரப் போர்ல காசைக் கொட்டி, வாங்கின கடனுக்கு வட்டி கட்டவே வருமானத்துல பாதி கிட்ட போயிட்டிருந்துச்சு, சரி வரி போடலாம்னா பிரபுக்களும் பாதிரிமாரும் முக்கியமான வரிகள்ல விலக்கு வாங்கி வச்சிருக்காங்க, விட்டுத்தர மாட்டேங்கறாங்க. வேற வழியில்லாம ராஜா 16ஆம் லூயி, பாதிரிமாரு, பிரபுக்கள், சாதாரண ஜனங்கன்னு மூணு பிரிவுப் பிரதிநிதிகளும் உட்கார்ற, 1614க்கப்புறம் யாருமே கூட்டாத சபையை 1789 மே 5 வெர்சாய்ல கூட்டினாரு. மாட்டினாரு! பிரிவுக்கு ஒரு ஓட்டுங்கறது பழைய வழக்கம், மேல ரெண்டு பிரிவும் சேர்ந்துட்டா ஜனங்க கதை முடிஞ்சுது. கடுப்பான மூணாவது பிரிவு ஜூன் 17ல நாங்கதான் தேசிய சபைன்னு அறிவிச்சுது, ஜூன் 20 ஹால் பூட்டியிருக்கவும் பக்கத்துல டென்னிஸ் கோர்ட்டுக்குப் போய், அரசியலமைப்பு வர்ற வரைக்கும் கலைய மாட்டோம்னு சத்தியம் பண்ணுச்சு. என்னைக் கேட்டா புரட்சி அப்பவே ஆரம்பிச்சாச்சு. எல்லாரும் ஆரம்பம்னு சொல்றது ஜூலை 14, ஜனங்க பாஸ்டில் சிறைக்கோட்டையைப் பிடிச்ச நாளை; அங்க இருந்த கைதிங்க ஏழே பேருதான், ஜனங்க முக்கியமா போனது வெடிமருந்துக்கு.