வேர்கள் இருந்த தெரு

அன்புள்ள சார்,

லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் ‘வைக்கோல் வண்டி’ ஓவியத்தில் வரும் ஃபிளாட்ஃபோர்டு என்ற ஊரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆற்றோர வீடு இன்னும் இருக்கிறது. ஆனால் படத்தில் இருந்த விஸ்தாரம் இல்லை. ஏமாற்றமாக இருந்தது. ஓவியத்தின் இடத்தைத் தேடிப்போவது வீண் வேலைதானா?

மீனாட்சி, மதுரை

அன்புள்ள மீனாட்சி,

ஏமாந்ததில் வியப்பில்லை. அந்தப் படம் அங்கே வரையப்பட்டதே அல்ல. கான்ஸ்டபிளின் அப்பாவுடைய மாவு மில் ஃபிளாட்ஃபோர்டில்தான் இருந்தது. பிள்ளைப் பருவத்திலிருந்து பார்த்த இடம். பல ஆண்டுகளாக அங்கே தீட்டிய சிறு படங்களை வைத்துக்கொண்டு, லண்டனில் ஆறடி அகலத் துணியில் 1821-ல் வரைந்து முடித்தார். வண்டியின் அமைப்பு மட்டும் கைவசம் இல்லை. ஊரில் இருந்த நண்பரின் மகன் வரைந்து அனுப்பினான். கடும் குளிரில் அவன் பட்ட பாட்டைக் கான்ஸ்டபிளின் தம்பி கடிதத்தில் சொல்லியிருக்கிறார். படத்தில் பார்த்தால் கோடை நண்பகல்!

ஆனால் வீண் வேலை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட மாட்டேன். வான்கோவின் ‘மர வேர்கள்’ பார்த்திருக்கிறீர்களா? நீலமும் பச்சையும் மஞ்சளுமாக முண்டும் முடிச்சும். எது மேல், எது கீழ் என்றே சட்டென்று பிடிபடாது. பிரான்சில் ஓவேர் என்ற ஊரில், 1890 ஜூலையில் வரைந்தது. 2020-ல் ஊரடங்கு நேரம், வூட்டர் வான் டெர் வீன் என்ற ஆய்வாளர் வீட்டில் அடைந்து கிடந்தபடி பழைய தபால் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். 1900-க்கும் 1910-க்கும் இடையில் எடுத்த ஒரு தெருப் படம். சைக்கிளோடு ஒருவர் நிற்கிறார், பக்கத்தில் மண்சரிவு, அதில் வெளியே தெரியும் வேர்கள். அதே வேர்கள்! வான்கோ தங்கியிருந்த விடுதியிலிருந்து வெறும் 150 மீட்டர். ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியக நிபுணர்களும் ஒப்பிட்டுப் பார்த்து, பெரும்பாலும் இதே இடம்தான் என்றார்கள்.

சரி, இடம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பீர்கள். ஜூலை 27 அன்று வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டார், 29-ல் இறந்தார். சுட்டுக்கொண்ட அன்று காலை, வெயிலும் உயிரும் நிறைந்த ஒரு மரத்தடிக் காட்சியை வரைந்தார் என்று அவர் தம்பியின் மைத்துனர் எழுதிவைத்திருந்தார். அந்தப் படம் இந்த வேர்கள்தான் என்று கருதப்படுகிறது. இடம் தெரிந்ததும் வெயில் விழும் திசையையும் பார்க்க முடிந்தது. கடைசித் தீட்டல்கள் மாலை வெயிலில் விழுந்தவை என்கிறார் வான் டெர் வீன். அதாவது, காலையில் தொடங்கிய மனிதர் பொழுது சாயும்வரை வேலையில்தான் இருந்திருக்கிறார். காகங்கள் பறக்கும் கோதுமை வயல்தான் கடைசிப் படம் என்று நம்பி, அதில் மரணத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். அந்த இருட்டு வானத்தை எடுத்துவிட்டு இந்த மஞ்சள் வெயிலை வைத்துப் பார்த்தால், அந்த நாளே வேறு மாதிரி தெரிகிறது.

பெரிய வேர் ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது, வேலி போட்டுக் காக்கிறார்கள். பாரிஸிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். அடுத்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாலையில் போங்கள்.