விரலில் சொடக்கு எடுத்தால் மூட்டு தேய்ந்துவிடுமா? அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

எலும்போடு எலும்பு உரசும் சத்தம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. விரல் மூட்டில் இரண்டு எலும்புகளின் முனையிலும் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. சுற்றிலும் ஒரு பை. அதற்குள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று கொஞ்சம் திரவம். விரலை இழுக்கும்போது பைக்குள் இடம் கூடி அழுத்தம் சட்டென்று குறைகிறது. திரவத்தில் கரைந்திருந்த வாயு குமிழியாகிறது. 'டக்' என்பது அந்த நேரத்துச் சத்தம்தான். குமிழி உருவாகும்போதா, அது சுருங்கும்போதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. 2015-ல் எம்.ஆர்.ஐ. படமெடுத்துப் பார்த்தவர்கள் உருவாகும்போதுதான் என்றார்கள். அந்த வாயு மறுபடி கரைய சுமார் 20 நிமிடம் ஆகும். அதனால்தான் அதே விரலில் உடனே இன்னொரு சொடக்கு வராது.

தேய்மானம்? டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் பல பத்தாண்டுகள் இடது கையில் மட்டும் தினமும் சொடக்கு எடுத்து, வலது கையோடு ஒப்பிட்டார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. 2009-ல் அவருக்கு இக் நோபல் பரிசே கொடுத்தார்கள்; முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு அது. ஒரே ஆளின் சோதனைதான், ஆனாலும் பிடிவாதத்தைப் பாராட்டத்தான் வேண்டும்! திருஷ்டி கழித்து நெட்டி முறிக்கும் பாட்டிகளும் பயப்பட வேண்டாம்.

சத்தத்தோடு வலியோ வீக்கமோ இருந்தால் மட்டும் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.